இறுக்காமல் இறுக்கியது

"இன்னும் ஒரு சுத்து விடுங்க தம்பி, வண்டி மலை ஏறப்போகுது" என்றார் காரின் சொந்தக்காரர். "போதுங்க சார். இதுக்கு மேல போனா கிளிப் ஹோஸை வெட்டிடும்" என்றேன். நான் சொன்னது சரி, அதில் இன்றைக்கும் எனக்குச் சந்தேகம் இல்லை. அப்புறம் நடந்ததைத்தான் மனசு விடமாட்டேன் என்கிறது.

பழைய டர்போ டீசல் கார். மிதித்தால் பிக்கப் இல்லை, புஸ் என்று சத்தம், பின்னால் கரும்புகை. டர்போ அழுத்தி அனுப்பும் காற்றைக் குளிர வைக்கும் இன்டர்கூலரிலிருந்து வரும் ஹோஸ் குழாயை விட்டு நழுவியிருந்தது. சென்சார் அளந்து அனுப்பிய காற்று வழியிலேயே வெளியேற, டீசல் மட்டும் கணக்குப்படி விழுகிறது. புகை அதனால்தான்.

இதற்கெல்லாம் ஹோஸைக் குழாயோடு கவ்விப் பிடிக்கும் பட்டையான கிளிப் லூஸ் என்று சொல்லிவிடுவார்கள். இந்த வண்டியில் காரணம் ஆயில். இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியே விடும் பிரீதர் வழியாகக் காற்றோடு வரும் ஆயில் குழாய் வாயில் படிந்துவிடுகிறது. 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாயில் 1 பார் அழுத்தம் ஏறினால் ஹோஸைப் பிடுங்கித் தள்ளும் விசை கிட்டத்தட்ட 20 கிலோ. ஆயில் பசையோடு எவ்வளவு இறுக்கினாலும் அது வழுக்கத்தான் செய்யும். அதனால் குழாயையும் ஹோஸின் உள்பக்கத்தையும் பிரேக் கிளீனர் அடித்துத் துடைத்தேன். குழாய் நுனியில் ஒரு புடைப்பு இருக்கும். ஹோஸை அதைத் தாண்டித் தள்ளி, கிளிப்பைப் புடைப்புக்குப் பின்னால் நேராக உட்கார வைத்தேன். இந்த மாதிரி கிளிப்புக்கு 4, 5 நியூட்டன் மீட்டர் முறுக்கு போதும். வீல் நட்டுக்கு 100 வரைக்கும் வைக்கிற கைக்கு அது இறுக்கமாகவே தெரியாது. முடித்துவிட்டு, ஸ்க்ரூ தலையையும் அதன் கூட்டையும் சேர்த்து வெள்ளை பெயின்ட்டில் ஒரு கோடு இழுத்தேன். ஸ்க்ரூ திரும்பினால் கோடு விலகிவிடும்.

கார்க்காரருக்கு மனசு ஆறவில்லை. முன்பு ஒருமுறை குன்னூர் மலைப்பாதையில் பர்லியார் ஏற்றத்தில் குடும்பத்தோடு நின்றுபோனவர். "உங்களுக்கென்ன, நின்னது நான்தானே" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

அப்போது ஃபோர்மேன் அண்ணன் வந்தார். ராட்செட் ஸ்பேனரை வாங்கி ஸ்க்ரூவிடம் கொண்டுபோய், கடகடவென்று ஆட்டினார். "ஆச்சுங்க சார், இனி அசையாது" என்றார். கார்க்காரர் முகம் தெளிந்தது.

வண்டி போனதும் அண்ணனிடம் கேட்டேன். "ஸ்க்ரூல மாட்டவே இல்ல, ராட்செட் முனையை விரலால பிடிச்சுட்டுச் சும்மா ஆட்டினேன்டா. நீ வெச்சது வெச்சபடியே இருக்கு. மனுஷன் பயமில்லாம ஓட்டணுமில்ல?" என்றார்.

சில மாதம் கழித்து கார்க்காரர் சர்வீஸுக்கு வந்தார். பானெட்டைத் திறந்ததும் முதலில் அந்தக் கோட்டைத்தான் பார்த்தேன். மங்கியிருந்தது, ஆனால் விலகவில்லை. அண்ணன் சொன்னது நிஜம். "உங்க ஃபோர்மேன் அன்னைக்குப் போட்ட ஒரு சுத்துதான் தம்பி, பிடிச்சு நிக்குது" என்றார் அவர். நான் கோட்டைக் காட்டவில்லை. காட்டினால் அண்ணனைப் பொய்யராக்கியதாகும்.

அண்ணன் அப்படிச் செய்யாவிட்டால் அவர் வழியில் யாரிடமாவது நிறுத்தி நிஜமாகவே இறுக்கியிருப்பார். அந்த வகையில் ஹோஸைக் காப்பாற்றியது அண்ணன்தான். ஆனால் இப்போது அந்த ஒரு சுத்தில் அவருக்கு நம்பிக்கை வந்துவிட்டது. நாளைக்கு மேட்டுப்பாளையத்தில் ஒரு பையனிடம் கேட்பார், அவன் இன்னொரு சுத்து இறுக்கிக் கொடுப்பான். கிளிப் பட்டையில் வெட்டியிருக்கும் துளைகளுக்குள் ஹோஸின் சிலிக்கோன் பிதுங்கும். வெளியே நல்ல இறுக்கமாகத்தான் தெரியும். உள்ளே அந்த வரிசையிலேயே கிழிசல் ஆரம்பித்திருக்கும்.

அவர் கேட்டதும் முழுக்கத் தப்பு இல்லை. ஹோஸ் சூடாகி ஆறும்போது கொஞ்சம் அமுங்கும். நாலு நாள் ஓடியபின் கிளிப்பை ஒருமுறை சரிபார்ப்பது நல்லதுதான். சூடே காணாத ஹோஸில் அன்றைக்கே இன்னும் இறுக்குவது வேறு விஷயம். பர்லியாரில் நின்றவரிடம் இந்த வித்தியாசம் எடுபட்டிருக்குமா, தெரியவில்லை.

இப்போது பெஞ்சில் கிளிப் வெட்டிய ஹோஸ் துண்டு ஒன்றை வைத்திருக்கிறேன். கேட்கிறவர்களின் கையில் கொடுத்து, பிளவில் விரலை வைத்துப் பார்க்கச் சொல்கிறேன். பாதிப் பேர் ஒத்துக்கொள்கிறார்கள். அண்ணன் இதை வேண்டாம் என்று சொல்லவில்லை, மலைக்குப் போகிற வண்டி என்றால் தன்னையும் கூப்பிடு என்று மட்டும் சொல்லியிருக்கிறார். சில சமயம் கூப்பிடுகிறேன்.