விமானத்தைத் தாக்கும் மின்னலை அளப்பது: ப்ராஜெக்ட் எடுப்பவர்களுக்கு

காந்தப்புல சென்சார் வைத்து விமானத்தில் பாயும் மின்னலை அளப்பதுதான் என் ப்ராஜெக்ட். இதே தலைப்பை எடுப்பவர்கள் மென்பொருளைத் திறக்கும் முன் ஒரு கணக்கைக் கையால் போட்டுப் பாருங்கள்.

விமான உடலை நீண்ட உருளையாக எடுத்துக்கொள்ளுங்கள். ஆரம் 2 மீட்டர், மின்னோட்டம் 30 கிலோ ஆம்பியர் என்றால் பரப்பில் காந்தப்புலம் சுமார் 3 மில்லி டெஸ்லா. சான்றிதழ் சோதனைகளில் வரும் 200 கிலோ ஆம்பியர் உச்சத்துக்கு 20 மில்லி டெஸ்லா. சென்சாரின் வரம்பு இதிலிருந்தே கிடைத்துவிடும்.

அடுத்து, சென்சாராக வைக்கும் கம்பிச்சுருள் தருவது புலத்தின் அளவை அல்ல, அது மாறும் வேகத்தை. மின்னோட்டம் வேண்டுமென்றால் தொகையிட வேண்டும். அப்போது சிக்னலில் இருக்கும் மிகச்சிறிய ஆஃப்செட்டும் (பூச்சியத்திலிருந்து மாறாமல் இருக்கும் விலகல்) நேரம் போகப்போக வளர்ந்துகொண்டே போகும்.

வைவாவுக்கு நன்றாகத் தயாராக வேண்டிய இடம் தொடர் மின்னோட்டம். உச்சம் கடந்தபின் சில நூறு ஆம்பியர், கால் நொடி முதல் ஒரு நொடி வரை நீடிக்கும் பகுதி அது. விமானத் தோலை உருக்கித் துளை போடுவதில் இதற்குத்தான் பெரிய பங்கு. ஆனால் மெதுவாக மாறுவதால் சுருளில் அநேகமாக ஒன்றுமே தெரியாது. சரி, புலத்தின் அளவையே நேரடியாகத் தரும் ஹால் சென்சார் வைக்கலாமா? அதே உருளையில் 400 ஆம்பியர் உண்டாக்கும் புலம் 40 மைக்ரோ டெஸ்லாதான். பூமியின் காந்தப்புலமும் கிட்டத்தட்ட அவ்வளவே. விமானம் திரும்பினாலே அளவீடு மாறும். மின்னலுக்குச் சற்று முந்தைய அளவைக் கழித்தால் ஓரளவு சமாளிக்கலாம், ஏனென்றால் அந்தக் குறுகிய நேரத்தில் விமானம் அதிகம் திரும்பிவிடாது. என் பார்வையில் இந்தத் தலைப்பின் சுவையே இங்கேதான் இருக்கிறது. சுருள், ஹால் சென்சார் இரண்டும் ஏன் சேர்ந்தே வேண்டும் என்பதை உங்கள் சொந்த எண்களோடு விளக்கிப் பழகுங்கள்.

ஒரே சென்சாரை வைத்து மின்னல் எங்கே நுழைந்து எங்கே வெளியேறியது என்று சொல்ல முடியாது. உடல், இறக்கைகள், வால் என்று பிரித்து வைத்து, அளவீடுகளின் கூட்டல், கழித்தல் குறிகளை (மின்னோட்டத்தின் திசையை) ஒப்பிட்டால்தான் பாதை தெரியும்.

அப்புறம், நாசாவின் எஃப்-106பி அறிக்கைகளை அவசியம் படியுங்கள். 1980 முதல் 1986 வரை அந்த விமானத்தை வேண்டுமென்றே இடிமேகங்களுக்குள் ஓட்டினார்கள். 700-க்கும் மேற்பட்ட நேரடித் தாக்குதல்கள் பதிவாயின. அவற்றில் பெரும்பாலானவற்றை விமானமே தூண்டியிருந்தது என்பது எனக்குப் பெரிய வியப்பு.

கார்பன் இழை உடலில் புலம் உள்ளேயும் மெல்லப் பரவும், மின்னோட்டம் பிரியும் விதமும் நேரத்தோடு மாறும். முதல் ப்ராஜெக்ட்டுக்கு உலோக உடலே போதும்.