யாரும் எழுதி வைக்காத நிலநடுக்கம்

பெரிய நிலநடுக்கங்கள் என்றால் முதலில் 1960 சிலி. அளவு 9.5, கருவிகள் வந்த பிறகு பதிவானதில் இதை மிஞ்சியது இல்லை. அடுத்து 1964 அலாஸ்கா, 2004 சுமத்ரா, 2011 ஜப்பான். இதெல்லாம் எல்லோரும் சொல்வார்கள். நான் ஆளைப் பிடித்து உட்கார வைத்துச் சொல்லும் கதை வேறு: 1700 ஜனவரி 26, இரவு சுமார் 9 மணி, வட அமெரிக்காவின் மேற்குக் கரை. அங்கே அன்று எழுதி வைக்க யாருமில்லை. ஆனாலும் மணி வரைக்கும் தெரியும்.

வாஷிங்டன் மாநிலத்தில் கோபாலிஸ் என்று ஓர் ஆறு. கடலை ஒட்டிய அதன் சதுப்பில் செத்துப்போன சிடார் மரங்கள் பட்டை உதிர்ந்து, சாம்பல் பூத்து இன்னும் நிற்கின்றன. உப்புத் தண்ணீர் ஏறி இறங்கும் இடத்தில் அந்த மரம் முளைக்கவே முளைக்காது. அப்படியானால் தரைதான் இறங்கியிருக்க வேண்டும். 1980களில் பிரையன் ஆட்வாட்டர் என்ற நிலவியலாளர் அந்தக் கடலோரத்துக் கரைகளை மண்வெட்டியால் செதுக்கிப் பார்த்தார். அடியில் பழைய புல்தரை, அதன்மேல் மெல்லிய மணல், அதற்கும் மேலே சேறு. தரை சட்டென்று அமிழ்ந்திருக்கிறது, கையோடு சுனாமி வந்து மணலைக் கொட்டியிருக்கிறது. செத்த செடிகளில் மிஞ்சிய கார்பனை வைத்து வயது பார்க்கும் கணிப்பு, 1700ஐ ஒட்டிய காலம் என்றது.

இந்தச் சேதி ஜப்பானுக்குப் போனதும்தான் கதை சூடு பிடிக்கிறது. 1700 ஜனவரி கடைசியில் அங்கே பல கடலோர ஊர்களில் தண்ணீர் ஏறியிருக்கிறது. ஆனால் நிலம் ஆடவில்லை. மிஹோ என்ற ஊரின் தலைவர், நடுக்கமே இல்லாமல் அலை ஏன் வருகிறது என்று குழம்பிப்போய், முதியவர்களையும் குழந்தைகளையும் கோயிலுக்கு அனுப்பியதை எழுதி வைத்திருக்கிறார். அந்தக் குழப்பத்துக்கு 1996இல்தான் விடை வந்தது. ஜப்பானிய நிலநடுக்க ஆய்வாளர் கெஞ்ஜி சதகேயும் கூட்டாளிகளும் அலை பசிபிக்கைக் கடக்கும் நேரத்தைப் பின்னோக்கிக் கணக்கிட்டு, அமெரிக்கக் கரையின் நாளையும் மணியையும் சொன்னார்கள். மறு வருஷமே சிடார் வேர்களில் வருஷத்துக்கு ஒன்றாக விழும் வளையங்களை எண்ணியவர்கள், கடைசி வளையம் முழுசாக வளர்ந்தது 1699இல் என்றார்கள். எனக்கு இன்றும் புல்லரிப்பது இந்த இடத்தில்தான்.

சரி, தரை ஏன் இறங்கியது? பூமியின் மேலோடு பெரிய பாறைத் தட்டுகளாகப் பிரிந்து நகர்கிறது. அங்கே ஹுவான் டி ஃபூக்கா என்ற கடலடித் தட்டு வட அமெரிக்கத் தட்டுக்கு அடியில் வருஷத்துக்குச் சில சென்டிமீட்டர் நுழைகிறது. உரசும் இடம் வழுக்காமல் பூட்டிக்கொள்கிறது. மேல்தட்டின் விளிம்பு கீழே இழுபட, அதற்குப் பின்னால் உள்ள கரை மெல்லப் புடைக்கிறது. பிளாஸ்டிக் ஸ்கேலை இரு முனையிலும் நெருக்கினால் நடு எழும்புமே, அதுபோல. பூட்டு விட்டதும் விளிம்பு எகிறிக் கடலைத் தூக்கி எறிகிறது. புடைத்த கரை சில நிமிஷத்தில் ஒரு மீட்டர், சில இடங்களில் அதற்கும் மேலே இறங்கிவிடுகிறது. சிலியிலும் அலாஸ்காவிலும் காடுகள் உப்பு நீரில் செத்தது இப்படித்தான்.

எல்லா நடுக்கமும் இந்த ரகமில்லை. 1906 சான் பிரான்சிஸ்கோவில் தட்டுகள் பக்கவாட்டில் நழுவின, வேலிகள் அறுபட்டு மீட்டர் கணக்கில் தள்ளிப் போயின. 1967இல் மகாராஷ்டிரத்தின் கொய்னாவில் அணையில் தேங்கிய தண்ணீரே தூண்டுதல் என்கிறார்கள்.

"இத்தனை வருஷம் ஆச்சு, இனி வந்தே தீரும்" என்று தேதி குறிப்பவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. அந்தக் கரையின் மண் அடுக்குகளில் முந்தைய நடுக்கங்களின் தடமும் இருக்கிறது; இரண்டு நடுக்கங்களுக்கு நடுவே சில சமயம் 200 வருஷம், சில சமயம் ஆயிரத்தை ஒட்டி. இதை வைத்து என்ன தேதி குறிப்பது? அதே வாஷிங்டன் கடலோரத்தில் உள்ள வெஸ்ட்போர்ட் ஊர்க்காரர்கள் செய்ததுதான் எனக்குப் பிடித்திருக்கிறது. ஓட்டுப் போட்டு, தங்கள் வரிப்பணத்திலேயே பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடத்தின் மொட்டை மாடியைச் சுனாமிப் புகலிடமாகக் கட்டிக்கொண்டார்கள். 2016இல் திறந்தது. சுமார் ஆயிரம் பேர் ஏறி நிற்கலாம்.