பெயர் இல்லாத பூவுக்கு ரிப்பன் கிடையாது

"மே மாதம் என் ஃப்ளாக்ஸ் எல்லாம் எழும்பிவிடும், கட்டாயம் வந்து பார்க்க வேண்டும்" என்றார் பக்கத்து வீட்டுப் பாட்டி. அது மார்ச் மாதக் காலை. வேலிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் இரண்டு ஸ்வெட்டருக்குள் நான். அமெரிக்காவுக்கு வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. மே மாதக் கடைசித் திங்கட்கிழமை உயிர்நீத்த போர்வீரர்களின் நினைவுநாள், அன்றைக்கு வீடுகளில் கொடி ஏற்றுவார்கள் என்று எங்கோ படித்திருந்தேன். சரி, கொடியேற்றத்துக்கு அழைக்கிறார் போலிருக்கிறது என்று தலையாட்டிவிட்டு வந்தேன். அதற்கு எந்த மாதிரி உடை போட்டுக்கொண்டு போவது என்று கணவரிடம் தீவிரமாக ஆலோசனை வேறு நடந்தது.

மே நடுவில் ஒருநாள் காலை ஜன்னல் திரையை விலக்கினால், வேலி ஓரம் முழுக்க ஊதா. இடுப்பு உயரத் தண்டுகளில், காகிதத்தில் செய்து ஒட்டியது போன்ற பூக்கள். அவைதான் ஃப்ளாக்ஸ். ஐரிஸ் பூவுக்கு இங்கே பழைய ஆட்கள் சொல்லும் பெயர் அது. கொடிக் கம்பத்தைத் தேடிய கதையை இன்றுவரை பாட்டியிடம் நான் சொல்லவில்லை.

அம்மாவுக்கு வீடியோவில் காட்டினேன். ஆறு இதழ். மூன்று மேலே கூம்பி நிற்கும், மூன்று கீழே தொங்கும். தொங்கும் இதழ் ஒவ்வொன்றின் நடுவிலும் மஞ்சளாக மயிர்க் கற்றை மாதிரி ஒரு கோடு. இங்கே அதைத் தாடி என்கிறார்கள், இந்த வகைக்கே தாடி ஐரிஸ் என்றுதான் பெயர். அம்மா கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "பூ நல்லாத்தான் இருக்கு, நடுவுல என்னடி கம்பளிப்பூச்சி?" என்றார். அதற்குப் பிறகு எனக்கு அது தாடியாகவே தெரியவில்லை. குங்குமப்பூவும் இதே குடும்பத்துச் செடிதான் என்று சொன்னதும் அம்மாவுக்கு மரியாதை கொஞ்சம் கூடியது.

ஆகஸ்டில் பாட்டி ஒரு காகிதப் பை நிறையக் கிழங்கு கொடுத்தார். இலைகளை ஒரு சாண் உயரத்துக்கு விசிறி போல வெட்டிவிட்டிருந்தார், அடியில் இஞ்சி மாதிரி முண்டும் முடிச்சுமாகக் கிழங்கு. எப்படி நட வேண்டும் என்று அவர் சொல்லியிருக்க வேண்டும். அவர் பேசும் வேகத்தில் எனக்கு அப்போது பாதிதான் பிடிபடும், மீதிப் பாதிக்குச் சிரித்து வைப்பேன். கிழங்கு நடுவதெல்லாம் நமக்கு ஒருவர் சொல்லித்தர வேண்டுமா என்ற நினைப்பும் இருந்தது. நாலு விரல் ஆழத்துக்குக் குழி தோண்டி, மண்ணை மூடி, மிதித்து, தினமும் சாயங்காலம் தண்ணீர் ஊற்றினேன். போதாததற்குப் புல்தரைக்குப் போடும் உரத்தில் இரண்டு கைப்பிடி.

அடுத்த மே மாதம் அடர் பச்சையில் இலைகள் கத்தி கத்தியாக எழுந்து நின்றன. ஒரு பூ இல்லை. இரண்டு செடிகள் தொட்டதும் சாய்ந்தன. தோண்டினால் கிழங்கு கூழாகிக் கிடந்தது. அந்த நாற்றத்தை எழுத்தில் வைக்க வேண்டாம். பாட்டி வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. தன் வீட்டுப் பாத்திக்கு என்னைக் கூட்டிப்போய்க் குனிந்து விரலால் காட்டினார். அங்கே கிழங்குகள் மண்ணுக்கு மேலேயே, வெயிலில் முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்தன. அடியில் உள்ள வேர்கள் மட்டும்தான் மண்ணுக்குள்.

இந்தச் செடியின் சூட்சுமம் அவ்வளவுதான். மண்ணை ஒரு மேடு போலக் கூட்டி, அதன்மேல் கிழங்கை உட்கார வைத்து, வேர்களை இரண்டு பக்கமும் பிரித்துவிட்டு, வேரை மட்டும் மூட வேண்டும். நாளுக்கு ஆறு மணி நேரமாவது நல்ல வெயில் வேண்டும். வேர் பிடித்த பிறகு, வறட்சி இருந்தால் ஒழியத் தண்ணீர் தேவையில்லை. எங்கள் பகுதி மண் களிமண், ஈரம் நிற்கும். அதனால் பாத்தியை ஒரு சாண் உயர்த்தினேன். புல்லுக்குப் போடும் உரத்தில் நைட்ரஜன் அதிகம், அது இலையைத்தான் வளர்க்கும், கிழங்கையும் சதைப்பிடிப்பாக்கி அழுகலுக்குத் தோதாக்கிவிடும். மொத்தத்தில் நான் பாசமாகச் செய்த எல்லாமே அதற்கு வேண்டாதவை.

குளிரைப் பற்றியும் எனக்கு ஒரு தப்புக் கணக்கு இருந்தது. டிசம்பரில் இலையெல்லாம் பழுத்து, பாத்தி பனிக்குள் போனதும் எல்லாம் செத்தது என்று எழுதிவிட்டேன். நாங்கள் வந்த பக்கம் இலை காய்ந்தால் செடி போய்விட்டது என்று அர்த்தம். இங்கே அப்படி இல்லை. பெரும்பாலான தாடி ஐரிஸுக்கு அந்தக் குளிர் தேவை, அது கிடைத்தால்தான் வசந்தத்தில் பூத்தண்டு வரும். இதைத் தெரிந்துகொண்ட பிறகு ஜனவரியைக் கொஞ்சம் குறைவாகத் திட்டுகிறேன்.

அந்த ஆகஸ்டில் மிச்சமிருந்த கிழங்குகளைத் தோண்டி, அழுகிய பாகத்தைக் கரண்டியால் சுரண்டி, வெயிலில் உலர்த்தி மறுபடி நட்டேன். கூடவே பெயர் எழுதிய நல்ல ரகங்கள் நாலைந்தை வாங்கினேன். இது ஒரு வியாதி, இறங்கிவிட்டால் நிற்காது. அமெரிக்க ஐரிஸ் சங்கம் என்று ஒன்று இருக்கிறது, 1920-இல் தொடங்கியது. உலகத்தில் எந்த மூலையில் யார் புது ஐரிஸ் உண்டாக்கினாலும், குமிழ்க் கிழங்கு வகை தவிர மற்ற எல்லாவற்றுக்கும் பெயரைப் பதிவது இவர்களிடம்தான். பல்லாயிரம் பெயர்கள். அதில் சிறந்ததற்கு ஆண்டுதோறும் டைக்ஸ் பதக்கம். பள்ளி ஆசிரியராக இருந்து ஐரிஸ் ஆராய்ச்சியில் மூழ்கி, 1925-இல் இறந்துபோன வில்லியம் டைக்ஸ் என்ற ஆங்கிலேயரின் நினைவாக வைத்தது. நான் வாங்கியதில் 'டஸ்கி சேலஞ்சர்' 1992-இல் அந்தப் பதக்கம் பெற்றது. ஓரிகன் மாநிலத்து ஷ்ரைனர் குடும்பத்தினரின் ரகம், கிட்டத்தட்டக் கறுப்பு என்று சொல்லும்படியான ஊதா, இதழ் ஓரமெல்லாம் பட்டுத்துணிக் கொசுவம் மாதிரி அலை அலையாக. 'ஈடித் வுல்ஃபோர்ட்' 1993-இல் அதே பதக்கத்தைப் பெற்றது. மேலே இளமஞ்சள், கீழே நீலம். இரண்டு பூவை வெட்டி ஒட்டியது போல இருக்கும்.

ஒரு கிழங்கு ஒரே ஒரு முறைதான் பூக்கும் என்பது அப்புறம்தான் தெரிந்தது. பூத்து முடித்த கிழங்கு, பக்கங்களில் குட்டி போட்டுவிட்டுச் சும்மா கிடக்கும். அடுத்து வருவதெல்லாம் அந்தக் குட்டிகளின் பூ. மூன்று நான்கு வருடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு பூ குறைந்துவிடும், அப்போது பிரித்து நட வேண்டும். பாட்டி எனக்கு ஒரு பை நிறையக் கொடுத்தது வெறும் தாராள மனது மட்டும் இல்லை. பிரிக்கிற வருடத்தில் தெருவில் மாட்டிக்கொண்டவள் நான்.

துளைப்பான் புழுவைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. முட்டைகள் குளிர்காலம் முழுக்கக் காய்ந்த இலைகளில் இருக்கும். வசந்தத்தில் பொரித்து, இலை ஓரத்தைக் கொறித்து, இலைக்குள்ளேயே சுரங்கம் போட்டுக்கொண்டு இறங்கி, கோடை நடுவில் கிழங்குக்குள் போய் உட்கார்ந்துவிடும். இளஞ்சிவப்பு நிறத்தில், விரல் நீளத்துக்குக் கொழுத்த புழு. அது தின்ற வழியாகத்தான் அழுகல் நோயும் நுழைகிறது. இலையில் ஈரக் கோடு தெரிந்தால் அந்த இடத்தில் விரலால் நசுக்கு என்றார் பாட்டி. முதல் வருடம் கண்ணை மூடிக்கொண்டு நசுக்கினேன். இப்போது டீ குடித்துக்கொண்டே செய்கிறேன். இலையுதிர்காலக் கடைசியில் காய்ந்த இலையை ஒன்று விடாமல் பொறுக்கி அப்புறப்படுத்தினால் தொல்லை பாதி குறையும்.

நான்காவது மே மாதத்தில் உள்ளூர் ஐரிஸ் குழுவின் கண்காட்சிக்கு நீயும் கொண்டு போ என்று பாட்டி பிடித்துக்கொண்டார். அவருக்கு முழங்கால் வலி, தான் போக முடியாத குறையை என்னை அனுப்பித் தீர்த்துக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

கண்காட்சிக்கு ஒரு பாட்டிலுக்கு ஒரு தண்டு. நாமே வளர்த்ததாக இருக்க வேண்டும். உயர வகையில் மூன்று பூ ஒரே சமயம் விரிந்து, ஒன்றோடொன்று முட்டாமல், கிளைகள் இரண்டு பக்கமும் சமமாகப் பிரிந்து, தண்டு நேராக நின்றால் அதுதான் லட்சணம். ஒரு பூவின் ஆயுள் இரண்டு மூன்று நாள். ஆகவே சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பூ மலர வேண்டுமென்றால் புதன்கிழமையே கணக்குப் போட வேண்டும். அவசரப்படும் தண்டை வெட்டிக் குளிர்பெட்டிக்குள், சோம்பேறித் தண்டை வெதுவெதுப்பான அறையில். என் கணவர் பால் எடுக்கக் குளிர்பெட்டியைத் திறந்துவிட்டு, திரும்ப மூடிவிட்டு, "பாலை எங்கே வைத்திருக்கிறாய்?" என்று மட்டும் கேட்டார். வியாழன் இரவு காற்றோடு மழை. பாத்தியில் நம்பி வைத்திருந்த ஈடித் வுல்ஃபோர்ட் காலையில் முறிந்து மண்ணில் கிடந்தது.

காரில் கொண்டுபோவது தனிக் கலை. பாட்டில்களைப் பெட்டிக்குள் நெருக்கி வைத்து, நடுவில் செய்தித்தாள் அடைத்து, பின்சீட்டில் நான் பிடித்துக்கொள்ள, கணவர் திருவிழாத் தேர் மாதிரி ஓட்டினார். பின்னால் வந்த கார்களின் ஹாரனைப் பற்றிப் பேச வேண்டாம்.

கூடத்தில் நீள மேசைகள், கையில் பஞ்சுக் குச்சியும் தூரிகையுமாக வயதானவர்கள். வாடிய பூவை அடுத்த மொட்டுக்குச் சேதமில்லாமல் கிள்ளி எடுக்கிறார்கள், இதழில் ஒட்டிய மகரந்தத்தை ஊதுகிறார்கள். தண்டின் மேல் மெழுகு பூசியது போல ஒரு சாம்பல் படலம் இருக்கும், கண்ட இடத்தில் தொட்டால் கைரேகை அப்படியே விழும். முன்பின் தெரியாத ஒரு பெரியவர் என் கையிலிருந்த தண்டை வாங்கி, எப்படிப் பிடிப்பது என்று காட்டி, பாட்டில் வாயில் பஞ்சு அடைத்து நிமிர்த்திக் கொடுத்தார். அவரும் போட்டிக்கு வந்தவர்தான்.

பதிவு மேசையில் அட்டை கொடுத்தார்கள். பூவின் பெயர், எந்த வகை, வளர்த்தவர் பெயர். பூவின் பெயரை அங்கிருந்த பெண்மணி ஒவ்வோர் எழுத்தாகச் சரிபார்த்தார். சேலஞ்சரில் நான் ஒரு 'எல்' எழுத்தை விட்டிருந்தேன், அடித்துவிட்டுத் திரும்ப எழுத வைத்தார். இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து என் பெயரைக் கூப்பிடுகிறவர்கள் முதல் இரண்டு எழுத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள், ஒரு அலுவலகத்தில் அதிலேயும் ஒன்றைக் குறைத்துக் கடிதம் அனுப்பினார்கள். ஒரு செடிக்கு இருக்கும் இந்த யோகத்தைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது. அப்புறம் அட்டையின் கீழ்ப்பாகத்தை மடித்து என் பெயரை மறைத்தார். நடுவர்களுக்கு யாருடையது என்று தெரியக்கூடாதாம்.

இரண்டாவது பாட்டிலில் பாட்டி கொடுத்த ஊதா. நேரான தண்டு, மூன்று பூ, கிட்டப் போனால் திராட்சை வாசனை. பெயர் என்ன என்று கேட்டார். தெரியாது என்றேன். பெயர் தெரியாததைப் பரிசுக்கு எடுத்துக்கொள்ள முடியாது என்றார், உண்மையான வருத்தத்தோடு. இந்த மாதிரி பெயர் தொலைந்த செடிகள் பழைய பண்ணை வீடுகளிலும் கல்லறைத் தோட்டங்களிலும் ஏராளமாம். படங்களோடு ஒப்பிட்டுக் கண்டுபிடித்துவிடலாமே என்றேன். ஒரே சாயலில் நூறு ஊதா இருக்கும், பொருந்துகிற மாதிரி தெரிகிறது என்பதற்காக ஒரு பெயரை ஒட்டிவிட்டால் அந்தத் தப்பு ஆயிரம் தோட்டத்துக்குப் போகும், பெயர் இல்லாமல் இருப்பதே மேல் என்று பெரியவர் குறுக்கிட்டார். எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை.

நடுவர்கள் பார்க்கும்போது நாங்கள் வெளியே. கதவு திறந்ததும் போய்ப் பார்த்தால், டஸ்கி சேலஞ்சரின் அட்டையில் சிவப்பு ரிப்பன், அதாவது இரண்டாம் பரிசு. நீல ரிப்பன் என் தண்டை நிமிர்த்திக் கொடுத்த அதே பெரியவருக்கு. அவருடைய தண்டில் கிளைகள் சரவிளக்கு மாதிரி பிரிந்திருந்தன, என்னுடையதில் இரண்டு பூ ஒன்றையொன்று இடித்துக்கொண்டிருந்தது. நியாயமான தீர்ப்பு. வீடு வரும்வரை நான் அதை ஒத்துக்கொள்ளவில்லை.

பாட்டியிடம் ரிப்பனைக் காட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டு, "என் ஃப்ளாக்ஸுக்கு என்ன கொடுத்தார்கள்?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். "பெயரா? அதற்கு என்ன பெயர், ஊதா, அவ்வளவுதான்" என்று சிரித்தார். தன் மாமியார் வீட்டுக் கொல்லையிலிருந்து கல்யாணமான புதிதில் தோண்டி வந்ததாம். மாமியாரும் அதற்கு ஒரு பெயரும் சொல்லவில்லை, நல்ல வார்த்தையும் அதிகம் சொல்லவில்லை, கிழங்கு மட்டும் கொடுத்தார் என்றார்.

ஜூலையில் பாத்தியைப் பிரித்தபோது, எது எது என்று குழம்பாமல் இருக்க விசிறி இலைகளின் மேலேயே பேனாவால் பெயர் எழுதி வைத்தேன், குழுவில் எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். பாட்டியின் ஊதாவில் தமிழில் 'மாமியார் ஊதா' என்று எழுதினேன். நட்டு முடித்ததும் தகரச் சீட்டில் அதையே எழுதிச் செருகினேன். வெயிலில் மார்க்கர் மை ஒரே கோடையில் வெளிறிவிட்டது. தகரத்தில் பென்சில்தான் நிற்கும் என்கிறார்கள், இந்த முறை பென்சிலில் அழுத்தி எழுதியிருக்கிறேன். அடுத்த கண்காட்சிக்குக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டு மட்டும் எனக்கு என்று கணவரோடு ஒப்பந்தம் ஆகியிருக்கிறது.