முற்றத்தைச் சுற்றி எழுந்த ஒரு கென்ட் வீடு

மதுரை வடக்கு மாசி வீதியை ஒட்டிய சந்து ஒன்றில் இருக்கும் எங்கள் பாட்டி வீட்டில், மழை பெய்தால் நான்கு பக்க ஓட்டுச் சரிவும் முற்றத்துக்குள்தான் தண்ணீரைக் கொட்டும். தகரத் தூம்பின் வாய்க்குக் கீழே பாட்டி பித்தளை அண்டாவை இழுத்து வைப்பார். வீடு என்றாலே நடுவில் வானம் திறந்திருக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு வளர்ந்த எனக்கு, மகளைப் பார்க்க இங்கிலாந்து சென்றிருந்தபோது கென்ட் பகுதியில் ஒரு முற்றத்து வீட்டைக் கண்டது பெரும் வியப்பாக இருந்தது.

அந்த வீட்டின் பெயர் ஐட்டம் மோட். செவனோக்ஸ் நகருக்கு அருகே, மரங்கள் அடர்ந்த ஒரு பள்ளத்தாக்கில், நாற்புறமும் அகழி சூழ நிற்கிறது. அதன் மிகப் பழைய பகுதிகள் 14-ஆம் நூற்றாண்டின் முற்பாதியைச் சேர்ந்தவை. 70-க்கும் மேற்பட்ட அறைகள் இருந்தாலும் அதை மாளிகை என்று சொல்ல மனம் வரவில்லை. அறைகள் சிறியவை, கூரைகள் தாழ்ந்தவை. கீழே அந்த வட்டாரத்துக் கரட்டுக் கல், மேலே ஓக் மரச் சட்டமும் சுண்ணாம்புப் பூச்சும் என்று கைக்கு எட்டிய பொருள்களாலேயே எழுந்த வீடு அது. ஒரே ஆள் வரைபடம் போட்டுக் கட்டியதன்று. வந்த குடும்பம் ஒவ்வொன்றும் தன் காலத்துக்கு ஏற்ப ஒரு பகுதியைக் கூட்டியிருக்கிறது.

மேற்குப் பக்கத்துக் கோபுர வாயிலில் நுழைந்தால் கல் பாவிய முற்றம். அதற்கு நேர் எதிரே பெரிய கூடம். நம் வீட்டில் முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரம் ஓடும், வெயிலும் காற்றும் அதன் வழியாகத்தான் அறைகளுக்குள் வரும். அங்கே தாழ்வாரமே இல்லை. முற்றத்தின் நான்கு பக்கமும் சுவர் எழுப்பிக் குளிரை அடைத்திருக்கிறார்கள். ஆனாலும் கூடத்தின் பெரிய சன்னல் அகழிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு முற்றத்தைத்தான் பார்க்கிறது. அக்காலத்து ஆங்கிலக் கூடங்களில் தரையின் நடுவிலேயே நெருப்பு எரியும், புகை உயர்ந்த கூரை வழியாக வெளியேறும். அதனால்தான் கூடத்துக்கு மேல் மாடி இல்லை. பிற்காலத்தில் செங்கல் புகைபோக்கி பரவிய பிறகு பல வீடுகளில் கூடத்தின் குறுக்கே தளம் போட்டு இரண்டு அடுக்காக்கிவிட்டார்கள். இங்கே நல்வாய்ப்பாக அப்படி நடக்கவில்லை. நாம் வீட்டின் நடுவில் வானத்தை வைத்துக் கட்டியதுபோல் அவர்கள் நெருப்பை வைத்துக் கட்டினார்கள் என்று அந்தக் கூடத்தில் நின்றபோது புரிந்தது. கூரையின் பாரம் இறங்கும் இடங்களில் குந்தியிருக்கும் உருவங்களைச் செதுக்கியிருக்கிறார்கள். நம் கோயில்களில் விமானத்தைத் தாங்கும் பூதகணங்களே நினைவுக்கு வந்தன.

தச்சு வேலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் ஆசாரிகள் தேக்கை ஆண்டுக்கணக்கில் காயப்போட்ட பிறகே உளியை எடுப்பார்கள். ஓக் மரமோ காய்ந்தால் இரும்பாக இறுகிவிடும் என்பதால், இத்தகைய ஆங்கில வீடுகளில் அதைப் பச்சையாகவே அறுத்து இழைத்தார்கள். ஒரு மரத்தின் முனையில் நாக்குப் போலச் செதுக்கிய கழுந்தில் உள்ள துளையும் அது நுழையும் மரத்தில் உள்ள துளையும் ஒரு நூல் அளவு விலகியிருக்குமாறு போட்டு, அதில் மர முளையை அடித்து இறக்குவார்கள்; முளை உள்ளே போகப் போக இரண்டு மரங்களும் ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும். இரும்பு ஆணி தேவையே இல்லை. தச்சுப் பட்டறையில் தரையில் கிடத்திப் பொருத்திப் பார்த்துவிட்டு, எந்த மரம் எதோடு சேரும் என்பதற்கு உளியாலேயே ரோமன் எண்களைக் கீறி, பிரித்து, மனையில் மறுபடி கோத்தார்கள்.

மாடியில் உள்ள வழிபாட்டுக் கூடத்தின் மரக் கூரை 16-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 1521-இல் வீட்டை வாங்கிய ரிச்சர்ட் கிளமென்ட் அரசவையைச் சேர்ந்தவர். மன்னர் எட்டாம் ஹென்றியின் சின்னமான ரோஜாவையும் அரசி கேத்தரினின் சின்னமான மாதுளையையும் கிளமென்ட் காலத்தில் அங்கே வண்ணத்தில் தீட்டினார்கள். வண்ணம் மங்கியிருந்தாலும் மாதுளையை அடையாளம் காண முடிகிறது.

அகழிக் கரையில் நெடுநேரம் நின்றேன். மதுரைக் கோட்டையின் அகழியை 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் மதிலை இடித்துத் தூர்த்தார்கள். அந்த இடத்தில் எழுந்தவைதான் நம் வெளி வீதிகள். ஊர் வளர அது தேவைப்பட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். என்றாலும் தண்ணீரில் சுவரின் நிழல் அசைவதை அங்கே பார்த்தபோது, நம் ஊரின் மதிலும் ஒரு காலத்தில் இப்படித்தானே அசைந்திருக்கும் என்ற ஏக்கம் வந்தது.

இந்த வீடும் அழிவின் விளிம்புவரை போனதுதான். 1951-இல் விற்பனைக்கு வந்தபோது, இடிபடாமல் காக்க உள்ளூர் வணிகர்கள் மூவர் சேர்ந்து வாங்கினார்கள். 1953-இல் அதை வாங்கிய அமெரிக்கர் சார்லஸ் ஹென்றி ராபின்சன், தமக்குப் பிறகு, பழைய கட்டடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்குச் சேருமாறு எழுதிவைத்தார். 1985-இல் அது அவர்கள் கைக்கு வந்தது. 1989-இல் தொடங்கிய சீரமைப்பு 2004-இல்தான் முடிந்தது, செலவு ஒரு கோடி பவுண்டுக்கு மேல். மரச் சட்டங்களைப் பகுதி பகுதியாகப் பிரித்து, உளுத்த இடத்தை மட்டும் வெட்டி, புது ஓக்கை ஒட்டுப் போட்டிருக்கிறார்கள். நல்ல மரத்தில் ஓர் அங்குலத்தையும் வீணாக்கக் கூடாது என்ற பிடிவாதம் அந்த ஒட்டுகளில் தெரிகிறது.

பழைய சுண்ணாம்புச் சுவருக்குச் சிமெண்ட் பகை என்பதை நான் அடிபட்டுத்தான் கற்றேன். பத்து ஆண்டுகளுக்கு முன் பாட்டி வீட்டின் முற்றத்துச் சுவரில், ஒரு ஒப்பந்தக்காரரின் பேச்சை நம்பி, பழைய காரையை உதிர்த்துவிட்டுச் சிமெண்ட் பூசினோம். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும், சிமெண்ட் விடாது. மூன்றே ஆண்டில் சுவர் உப்புப் பூத்து, அதில் பதிந்திருந்த தேக்கு உத்திரத்தின் முனை விரலால் அழுத்தினால் பொடியும் நிலைக்கு வந்துவிட்டது. கென்டிலிருந்து திரும்பியதும் அண்ணனும் நானும் அந்தச் சிமெண்டைக் கொத்தி எடுத்தோம். சுண்ணாம்பு வேலை தெரிந்த ஒரு முதிய கொத்தனார் திருமங்கலத்திலிருந்து வந்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீரில் காரை குழைத்துப் பூசித் தந்தார். உத்திரத்தை மாற்றவில்லை, உளுத்த முனையை மட்டும் அறுத்து, வேறொரு பழைய தேக்குத் துண்டை ஆசாரி கழுந்து வைத்துச் சேர்த்திருக்கிறார். கிழக்குச் சுவர் காய்ந்துவிட்டது. வடக்குச் சுவரை ஐப்பசி மழை முடிந்த பிறகு தொட வேண்டும்.