ராத்திரி ஏறாத வண்டி காலையில் இறங்காது: மேல்மலையில் இருந்து வேலை தேடிய கதை

ராத்திரி எட்டு மணிக்கு வாசலில் வந்து நிற்பேன். கடைசி வளைவில் பஸ்ஸின் லைட் வெளிச்சம் தெரிந்தால் மறுநாள் இன்டர்வியூவுக்குப் போகலாம். தெரியாவிட்டால் அப்போதே போனைக் கையில் எடுக்க வேண்டும்.

கொடைக்கானல் மேல்மலைக்காரர்களுக்கு இது புரியும். மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி, கிளாவரை என்று உள்ளே போகப் போக, சாயங்காலம் கொடைக்கானலில் கிளம்பும் வண்டி ஊரில் நைட் ஹால்ட் போடும். டிரைவரும் கண்டக்டரும் இங்கேயே படுத்துவிட்டுக் காலையில் அதே வண்டியை எடுத்துக்கொண்டு போவார்கள். ராத்திரி மேலே வராத வண்டி காலையில் கீழே போகாது. நான் கல்லூரி படித்ததெல்லாம் ஹாஸ்டலில் தங்கி. அதனால் இந்தச் சின்ன விஷயம் எனக்கு உறைக்கவே மூன்று வேலை கைவிட்டுப் போக வேண்டியிருந்தது.

பி.காம். முடித்தேன், கம்ப்யூட்டரில் கணக்கு எழுத டேலி கற்றுக்கொண்டேன், வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவையும் ஆன்லைனில் போட்டாயிற்று. மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள். இதிலெல்லாம் சிக்கல் இல்லை. சிக்கல் ஊரைவிட்டுக் கிளம்புவதில் ஆரம்பிக்கிறது.

முதலில் கிடைத்தது ஏரிப் பக்கம் ஒரு தங்கும் விடுதியில் ரிசப்ஷன் வேலை. போனிலேயே பேசி, மாதம் ஒன்பதாயிரம் என்று முடிவாகிவிட்டது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். சேரும் நாளில்தான் நேரம் சொன்னார்கள், காலை எட்டு முதல் ராத்திரி எட்டு வரை. எங்கள் வண்டி கொடைக்கானலுக்குள் நுழையவே ஒன்பது ஆகும். சாயங்காலம் கடைசி வண்டி ஐந்தரைக்கு. "ரூம் எடுத்துத் தங்கிக்கோங்கம்மா" என்று சுலபமாகச் சொல்லிவிட்டார்கள். நாயுடுபுரத்திலும் ஆனந்தகிரியிலும் தேடினேன். ஒரு பெண் தனியாகத் தங்குகிற மாதிரி இருந்த அறைகளை எல்லாம் டூரிஸ்டுக்கு நாள் வாடகைக்கு விட்டிருந்தார்கள். கிடைத்த ஒன்றுக்கும் நாலாயிரத்து ஐந்நூறு வாடகை, அட்வான்ஸ் தனி. சாப்பாடு, போன் போக அம்மா கையில் கொடுக்க என்ன மிஞ்சும்? வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். சம்பளத்தைக் கேட்பதற்கு முன்னால் எத்தனை மணிக்கு வரணும், எத்தனை மணிக்கு விடுவீங்க என்று கேளுங்கள். நான் அதைக் கேட்கவில்லை.

அடுத்தது மலைக்குக் கீழே நடந்த தனியார் வேலைவாய்ப்பு முகாம். காலை ஒன்பதரைக்கு அங்கே இருக்க வேண்டுமென்றால் முதல் நாளே இறங்கியாக வேண்டும். வத்தலக்குண்டில் அத்தை வீட்டில் தங்கினேன். வரிசையில் இரண்டு மணி நேரம் நின்று, ஒரு கம்பெனி மேஜைக்கு முன்னால் உட்கார்ந்தேன். கொடைக்கானலிலேயே கிளை இருக்கிறதாம், கணக்கு எழுதும் வேலையாம். எனக்காகவே வந்த வேலை மாதிரி இருந்தது. சான்றிதழ் எல்லாம் பார்த்துவிட்டு அந்தத் தம்பி படிவத்தைத் திருப்பிக் காட்டி, "சொந்தமா டூவீலர் இருக்கா?" என்று கேட்டான். இல்லை என்றேன். அந்த இடத்தில் சிவப்புப் பேனாவால் ஒரு வட்டம் போட்டான். பேனாவை எடுக்காமல் இரண்டு சுற்றுச் சுற்றியதால் தாள் லேசாகக் கிழிந்தது. "கூப்பிடுவோங்க" என்றான்.

கூப்பிட்டும் இருக்கிறார்கள். எனக்குத்தான் தெரியவில்லை. எங்கள் வீட்டுக்குள் சிக்னல் வராது. தண்ணீர்த் தொட்டி மேட்டுக்குப் போனால் இரண்டு கட்டை வரும். மூன்று நாள் விடாமல் மழை, கரன்ட் இல்லை, போனில் சார்ஜ் இல்லை. நான்காம் நாள் மேட்டில் ஏறி நின்றபோது ஐந்து தவறிய அழைப்புகள். திருப்பி அடித்தால், "நீங்க எடுக்கலைன்னு வேற ஆளைப் போட்டாச்சு." அன்றைக்கு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். இப்போது எந்த விண்ணப்பத்திலும் இரண்டாவது நம்பராகக் கொடைக்கானலில் இருக்கும் சித்தி நம்பரைக் கொடுக்கிறேன். நீங்களும் டவுனில் இருக்கும் யாராவது ஒருவர் நம்பரைக் கேட்டு வாங்கிப் போடுங்கள்.

அதற்கப்புறம் நடந்ததைச் சொல்லத்தான் இதை எழுதவே ஆரம்பித்தேன்.

கொடைக்கானல் டவுனில் மூஞ்சிக்கல் பக்கம் ஒரு அலுவலகத்தில் பத்து மணிக்கு இன்டர்வியூ. முதல் நாள் ராத்திரி நைட் ஹால்ட் வண்டி வரவில்லை. காலையில் வந்துவிடும் என்று நம்பி ஆறரைக்கே ஸ்டாப்பில் நின்றோம். பெண் பிள்ளை தனியாகப் போக வேண்டாம் என்று அப்பா அன்றைக்குக் காட்டு வேலையை விட்டுவிட்டுக் கூட வந்தார். பனி முகத்தில் அடித்தது. ஏழரை ஆகியும் வண்டி இல்லை. அப்போது கேரட் லோடு ஏற்றிய பிக்கப் ஒன்று வந்தது. முன்னால் ஏற்கனவே இரண்டு பேர். "பின்னாடி ஏறிக்கறியாம்மா?" என்று அந்த அண்ணன் தயங்கித்தான் கேட்டார். மூட்டை மேல் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு நானும் அப்பாவும் உட்கார்ந்தோம். ராத்திரி மழையில் நனைந்த சாக்கு, ஐந்து நிமிடத்தில் சுடிதார் முழுக்க ஈரம். சான்றிதழ் ஃபைலை யூரியா மூட்டையின் உள் கவரில் சுற்றி வைத்திருந்தேன், அது மட்டும் நனையவில்லை. பூம்பாறை தாண்டியதும் ரோட்டில் மரம் விழுந்து கிடந்தது. வெட்டி ஒதுக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று.

மூஞ்சிக்கல்லில் இறங்கும்போது பத்து இருபது. முழங்கால் வரை செம்மண். உள்ளே இருந்தவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "பத்துன்னா பத்துதான். இன்டர்வியூவுக்கே லேட்டா வர்றவங்க வேலைக்கு எப்படி வருவீங்க?" மரம் விழுந்ததைச் சொன்னேன். "எல்லாரும் ஒரு காரணம் சொல்லுவாங்கம்மா" என்றார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே அப்பா தலைத்துண்டைக் கையில் மடித்துப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் கேட்கவில்லை. திரும்பி வரும்போது அப்சர்வேட்டரி தாண்டும் வரை வாய் திறக்கவில்லை. அப்புறம், "டீ குடிச்சிருக்கலாம்ல பாப்பா" என்றார்.

அன்றைய கூலியும் போயிற்று. எனக்கு வந்த கோபத்தில் ஒரு காரியம் செய்தேன். நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்து, ராத்திரி வண்டி வந்ததா, காலையில் எத்தனை மணிக்குக் கிளம்பியது, டவுனில் ஏழுரோட்டுக்கு எத்தனை மணிக்குப் போனது என்று தினமும் எழுத ஆரம்பித்தேன். நான் போகாத நாளில் கண்டக்டர் அண்ணனிடம் கேட்டு எழுதினேன். வண்டி வராவிட்டால் ராத்திரியே விசாரிக்க, லோடு ஏற்றுகிற மூன்று பிக்கப் டிரைவர்களின் நம்பரையும் பின் அட்டையில் குறித்துக்கொண்டேன். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போகிறவர்கள் நேரத்தோடு கிளம்பிவிடுவார்கள், விடிந்த பிறகு தேடினால் கிடைக்க மாட்டார்கள். ஆறு வாரம், 42 நாள். ஐந்து நாள் வண்டியே இல்லை. மூன்று நாள் வழியில் நின்றது. மற்ற 34 நாளும் ஒன்பதேகாலுக்குள் டவுனில் இருந்தது.

காசு பிரச்சினை இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். 2024-25 பட்ஜெட்டில் பெண்களுக்கான விடியல் பயணத்தை நீலகிரி, கொடைக்கானல், வால்பாறை மலைப் பகுதிகளுக்கும் நீட்டித்தார்கள். அது எங்கள் மாதிரி வீடுகளுக்குப் பெரிய உதவி, மனதாரச் சொல்கிறேன். ஆனால் டிக்கெட் இலவசம் என்றாலும் வண்டி வந்தால்தானே ஏற முடியும். காட்டுமாடு நிற்கிற ரோட்டில் இருட்டிய பிறகு நடந்து வர முடியாது. மே மாதம் வழியில் மோயர் பாயிண்ட் பக்கம் டூரிஸ்ட் வண்டிகள் அடைத்துக்கொண்டால் ஒரு மணி நேரம் கூடுதல். மேல்மலைக்கு இன்னும் ஒரே ஒரு வண்டி, காலையில் ஏழு மணிக்கு முன்னால் டவுனில் இருந்து ஏறி உடனே இறங்குகிற மாதிரி விட்டால், என்னைப் போல எத்தனையோ பிள்ளைகள் வேலைக்குப் போவார்கள்.

நான்காவதாகப் போனது ஒரு கடைக்கு. தைலம், மலைப்பூண்டு, காபித்தூள் மொத்தமாகவும் சில்லறையாகவும் விற்கிறார்கள். கணக்குக்கு ஆள் வேண்டும் என்று சித்திதான் விசாரித்துச் சொன்னார். இந்தத் தடவை நான் முதல் நாளே இறங்கி சித்தி வீட்டில் தங்கிவிட்டேன். கடைக்கார அக்கா சான்றிதழைக் கையில் வாங்கும் முன்னாலேயே நான் நோட்டை மேஜையில் வைத்தேன். "அக்கா, நான் மேல்மலை. ஒன்பதரைக்கு வந்து ஐந்துக்குக் கிளம்பணும். மாசத்துல மூணு நாலு நாள் வண்டி இருக்காது. அதை இப்பவே சொல்லிடறேன்."

அக்கா நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஒரு தேதியில் விரலை வைத்து, "இந்த வியாழக்கிழமை எனக்கும் பூம்பாறையில இருந்து சரக்கு வரலை, மரம் விழுந்துச்சுல்ல?" என்றார். ஆமாம் என்றேன். அது அப்பாவோடு பிக்கப்பில் வந்து ஒன்றரை வாரம் கழித்து, அதே இடத்தில் இன்னொரு மரம் விழுந்த நாள்.

"இவ்வளவு ஒழுங்கா எழுதுறவ என் கணக்கையும் எழுதுவ. வண்டி இல்லாத நாள்ல பில்லை போன்ல அனுப்புறேன், மேட்டுல நின்னு வாங்கிக்கிட்டு வீட்டுலயே எழுதிக் கொண்டா."

கேட்டதைவிடச் சம்பளத்தில் ஐந்நூறு குறைத்துத்தான் பேசினார். ஒத்துக்கொண்டேன். சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. ஏழு நாள் வீட்டில் இருந்து எழுதியிருக்கிறேன், ஒரு நாள்கூடப் பிடித்தம் இல்லை. முதல் சம்பளத்தில் அப்பாவுக்கு ஒரு ஸ்வெட்டர்.

ஏப்ரல் சீசனுக்குக் கடையில் இன்னொரு ஆள் எடுக்கிறார்கள். பூண்டி, கிளாவரை, கவுஞ்சிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் ஐந்து மணிக்குள் விட்டுவிட வேண்டும் என்று அக்காவிடம் கேட்டேன், சரி என்றிருக்கிறார். வருகிறவர்கள் நோட்டு போட வேண்டியதில்லை. என்னுடையதே போதும், தினமும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன்.