கிணற்றடி வாய்க்காலில் ஒரு ரோஜா

2024 செப்டெம்பர் 14, முள்ளியவளை

சோளகம் ஓயத் தொடங்கிவிட்டது. மாரி பிடிப்பதற்கு முன் ரோஜாக்களைக் கவ்வாத்துச் செய்துவிட வேண்டும் என்று இன்று விடியவே வளவுக்குள் இறங்கினேன். சென்ற ஆண்டு வாகனத்தில் கொண்டுவந்து விற்றவரிடம் வாங்கிய ஒட்டுக்கன்றுகள் மூன்றில் இரண்டு வைகாசி வெயிலோடு பட்டுப்போயின. மூன்றாவது தழைத்து நிற்கிறது என்று இதுவரை மகிழ்ந்திருந்தேன். குனிந்து பார்த்தபோதுதான், தழைத்திருப்பது நான் விரும்பி வாங்கிய கடுஞ்சிவப்பு ரோஜா அன்று, ஒட்டுக்குக் கீழேயிருந்து, வேருக்காக வைத்த வேறு ரோஜாவான அடிக்கன்றிலிருந்து, கிளம்பிய தளிர் என்பது தெரிந்தது. பழைய கொப்பில் ஓர் இலைக்கு ஐந்து சிற்றிலைகள் இருந்தன. இதில் ஏழு இருக்கின்றன. முள்ளும் வேறாக இருக்கிறது.

கிணற்றடியில் நிற்கும் நாட்டு ரோஜாவுக்கு இந்தத் தொல்லை இல்லை. அது தடி வெட்டி நட்டுப் பிடித்தது. தன் வேரில் தானே நிற்பது. அடியோடு வெட்டினாலும், வேரிலிருந்து எது முளைத்தாலும், அதே இளஞ்சிவப்புப் பூவைத்தான் பூக்கும். அதிலிருந்து பென்சில் பருமனான தடிகள் ஆறு வெட்டி, கீழ்க்கணுவுக்குச் சற்றுக் கீழே சரித்துச் சீவி, மணலும் மக்கிய எருவும் கலந்த சாடிகளில் ஊன்றி, மாமர நிழலில் வைத்திருக்கிறேன்.

2024 செப்டெம்பர் 22

நீண்டநாள் எண்ணிக்கொண்டிருந்த கதையை இன்று தொடங்கினேன். அரசின் படித்த வாலிபர் திட்டத்தில் வன்னியின் முத்தையன்கட்டில் காணி பெற்ற ஓர் இளைஞனுக்கு மனைவியாக, வலிகாமத்திலிருந்து 1971 இல் ஒரு பெண் வருகிறாள். இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டு மிளகாய்க்கு நல்ல விலை கிடைத்த காலம் அது. அவள் கையில் ஈரத்துணியில் சுற்றிய ஒரு ரோஜாத்தடி இருக்கிறது.

இவ்வகைக் கதைகளை ஆங்கிலத்தில் எல்லைப்புறக் காதற்கதைகள் என்கிறார்கள். அச்சொல்லை அப்படியே இங்கே இடுவதற்கு எனக்கு மனம் வரவில்லை. வன்னியில் எல்லைக் கிராமம் என்றால் அதற்குப் போர்க்காலத்து வேறொரு பொருள் உண்டு. அதைக் கேட்கும் எவரும் காதலை நினைக்கமாட்டார்கள். காடுவெட்டிய காலத்துக் கதை என்றே நான் சொல்வேன். தண்ணிமுறிப்பைக் களமாகக் கொண்டு 1973 இல் வந்த அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’ நாவல் இருக்கும்போது, அதற்கான மொழியை வெளியிலிருந்து கடன் வாங்கவும் தேவையில்லை.

ஆயினும் அமெரிக்கக் கதைகளை நான் விரும்பிப் படிப்பவள். ஓவன் விஸ்டர் 1902 இல் எழுதிய நாவலில், கிழக்கே வெர்மொண்டிலிருந்து ஓர் ஆசிரியை, மாடு மேய்ப்பவர்களின் வயோமிங்குக்குத் தனியாக வருகிறாள். நிலைபெற்ற ஊரிலிருந்து நிலைபெறாத ஊருக்கு வரும் பெண் என்ற அந்த அமைப்பு எத்தனையோ நாவல்களில் திரும்பத் திரும்ப வந்தது. அவற்றுள் பலவற்றில் ரோஜா ஓர் அடையாளமாக மட்டுமே நிற்கிறது. அவன் கொடுக்கிறான், அவள் வாங்குகிறாள், பிறகு அதைக் காணவில்லை. அதற்கு யார் தண்ணீர் வார்த்தார்கள் என்பதை அறிய எனக்கு ஆவலாக இருக்கிறது.

2024 ஒக்டோபர் 5

முதற் பகுதியை அயல்வீட்டுப் பெரியம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் உண்மையிலேயே அந்தக் காலத்தில் முத்தையன்கட்டுக்கு வாழ வந்தவர். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “பிள்ளை, மிளகாய்க் கண்டு வாடிக்கிடக்க ரோசாவுக்குத் தண்ணி ஊத்தினா மாமி விட்டிருப்பாவோ?” என்றார்.

அந்த ஒரு கேள்வியில் என் மூன்று பக்கங்களும் சரிந்தன. கதாநாயகி மாலைதோறும் வாளியில் தண்ணீர் அள்ளி ரோஜாவுக்கு ஊற்றுவதாக எழுதியிருந்தேன். பெரியம்மாவின் ரோஜா நின்றது கிணற்றடியில், குளிக்கும் தண்ணீரும் பாத்திரம் கழுவும் தண்ணீரும் வழிந்தோடும் வாய்க்காலின் ஓரத்தில், வாழைக்கும் கருணைக்கிழங்குக்கும் இடையில். அதற்கென்று எவரும் ஒரு சிரட்டைத் தண்ணீரும் ஊற்றியதில்லை. சொல்லும்போது அவர் முகத்தில் வருத்தம் இல்லை. கன்றுக்கு இடம் பார்த்து நட்ட பெருமைதான் இருந்தது. போர் முடிந்து 2010 இல் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை, கிணற்றுக்கட்டு இடிந்து கிடந்தது, பற்றைக்குள் அந்த ரோஜாவின் அடி மட்டும் இரண்டு தளிரோடு நின்றது. என் கிணற்றடிக் கன்று அதிலிருந்து வந்ததுதான்.

2024 ஒக்டோபர் 9

அமெரிக்காவில் மேற்கு நோக்கிப் போன குடியேறிகள் கொண்டுசென்ற மஞ்சள் ரோஜாவைப் பற்றி இரவு முழுவதும் படித்தேன். ஹரிசன் மஞ்சள் என்பது அதன் பெயர். நியூயோர்க்கில் ஜோர்ஜ் ஹரிசன் என்ற வழக்கறிஞரின் தோட்டத்தில், 1830ஐ ஒட்டிய ஆண்டுகளில், அது தோன்றியது. குளிரையும் வறட்சியையும் தாங்குவதோடு, வேரிலிருந்து பக்கக்கன்றுகளை ஓயாமல் தள்ளும் இயல்பும் அதற்கு உண்டு. ஆகவே வண்டியில் புறப்படுகிறவர்கள் ஒரு பக்கக்கன்றைப் பிடுங்கிக்கொண்டால் போதும். வீடுகள் அழிந்துபோன பழைய குடியிருப்புகளில் அந்த ரோஜாப் புதர் இன்னும் நிற்பதுண்டு. அதை வாசித்தபோது பெரியம்மாவின் இடிந்த கிணற்றடிதான் கண்முன் வந்தது.

டெக்சாசின் மஞ்சள் ரோஜா என்ற பட்டமும் அதற்கு உண்டு. அப்பெயரோடு ஒரு பெண்ணின் கதையும் ஒட்டிக்கொண்டது. 1836 ஏப்ரல் 21 இல் டெக்சாஸ்காரர் மெக்சிக்கோப் படையை வென்ற சான் ஜசின்ரோப் போர் பதினெட்டு நிமிடங்களில் முடிந்தது. எமிலி வெஸ்ற் என்ற பெண் மெக்சிக்கோவின் தளபதி சாந்த அன்னாவைக் கூடாரத்தில் மயக்கி வைத்திருந்தாள், அதனால்தான் அவர் ஏமாந்தார் என்கிறது கதை. ஓர் ஆங்கிலப் பயணியின் குறிப்பில் வரும் சில வரிகளே அதற்கு ஆதாரம். எமிலி வெஸ்ற் கனெக்ரிகட்டிலிருந்து வேலைக்குப் போன, அடிமையல்லாத கறுப்பினப் பெண். போருக்குச் சில நாட்களுக்கு முன் மெக்சிக்கோப் படையால் பிடிக்கப்பட்டவள். சிறைப்பட்ட ஒருத்தியை மயக்குக்காரியாக்கி, அதற்கு மேல் ஒரு பூவையும் சூட்டிவிட்டார்கள். இதை என்னால் அழகான கதை என்று ஏற்க முடியவில்லை.

2024 ஒக்டோபர் 27

மழை தொடங்கிவிட்டது. ஆறு தடிகளில் ஒன்று கறுத்துவிட்டது. ஐந்தில் தளிர் தெரிகிறது. ஆனால் தளிர் வந்ததால் வேர் வந்துவிட்டதென்று பொருளன்று. தடி தன்னிடமுள்ள சத்திலேயே சிறிதுகாலம் துளிர்க்கும். ஆகவே இழுத்துப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொண்டேன்.

2024 நவம்பர் 10

இன்று செரோக்கி ரோஜா. அமெரிக்கப் பழங்குடியினரான செரோக்கி மக்கள் 1838, 1839 ஆம் ஆண்டுகளில் தங்கள் நிலத்திலிருந்து மேற்கே துரத்தப்பட்டபோது, தாய்மாரின் கண்ணீர் விழுந்த இடமெல்லாம் இந்த வெள்ளைப் பூ முளைத்ததாம். வெள்ளை இதழ் கண்ணீர். நடுவிலுள்ள மஞ்சள், அவர்கள் நிலத்திலிருந்து பறிக்கப்பட்ட தங்கம். ஏழு சிற்றிலைகள் ஏழு குலங்கள். ஜோர்ஜியா மாநிலம் 1916 இல் இதைத் தன் மலராக்கிக்கொண்டது.

செடியின் படத்தை எடுத்து வைத்து எண்ணினேன். இந்த ரோஜாவின் இலையில் பெரும்பாலும் மூன்று சிற்றிலைகளே உண்டு; சிலவேளை ஐந்து. அதன் பிறப்பிடமும் அமெரிக்கா அன்று, தென்சீனம். முதலில் எனக்கு ஏமாற்றமாக இருந்தது. பிறகு, அந்தக் கதையைச் சொன்ன தாய் எவளும் இலையை எண்ணிக்கொண்டு சொல்லியிருக்கமாட்டாள் என்று தோன்றியது. அவள் எண்ணியது குலங்களை. 2009 இல் நாங்கள் கடற்கரையை நோக்கி நடந்தபோது, எங்களோடு நடந்த பெண்கள் ஒவ்வொரு தரிப்பிலும் பிள்ளைகளைத் தொட்டுத் தொட்டு எண்ணினார்கள். இதற்கு மேல் இன்று எழுத இயலவில்லை.

2024 நவம்பர் 12

எங்கள் பழங்கதைகளில் ரோஜா எங்கே என்று தேடிப் பார்த்தேன். நான் கேட்டு வளர்ந்தவற்றில் அது இல்லை. கலியாண வீட்டுப் பன்னீர்ச்செம்பில் மட்டும் மணமாக வந்து போனது. குமுழமுனைப் பக்கத்துக் கதையின் அரியாத்தை கொம்பன் யானையைப் பிடித்துக் கட்டியவள், வேலப்பணிக்கனின் மனைவி, அவளுக்காகப் பாடிய ஒப்பாரி இன்றும் இருக்கிறது. அவளுக்கு யாரும் பூக் கொடுத்து மனம் கவரவேண்டியிருக்கவில்லை. வற்றாப்பளை அம்மன் கோவில் கதையில் மூதாட்டியாக வந்த கண்ணகி, மாடு மேய்த்த சிறுவர்களிடம் கடல்நீரில் விளக்கேற்றச் சொல்கிறாள். தலையில் பேன் பார்க்கச் சொல்கிறாள். அவர்கள் அங்கே ஆயிரம் கண்களைக் காண்கிறார்கள். அவள் மறைந்த இடத்தில் வேப்பங்கொம்பு தளிர்த்தது என்று எங்கள் ஆச்சி சொல்லுவா. ஊன்றிய தடி தளிர்ப்பதுதான் இந்த மண்ணின் அதிசயம். என் கதாநாயகியின் ரோஜாத்தடிக்கு நான் வேறு பழங்கதை தேடவேண்டியதில்லை.

2024 நவம்பர் 30

நான்கு நாட்களாக ஓயாத மழை, வயல்களெல்லாம் வெள்ளம். கிணற்றடி ரோஜாவின் கீழிலைகளில் கரும்புள்ளி விழுந்துவிட்டது. இலை ஏழு மணிநேரம் தொடர்ந்து நனைந்திருந்தாலே அந்தப் பூஞ்சணம் பற்றிவிடும் என்பதால், இந்த மழையில் என்ன தெளித்தும் பயனில்லை. புள்ளியிலைகளைப் பொறுக்கி அடுப்பில் போட்டேன். மரக்கொப்புகளை வெட்டிக் காற்றுக்கு வழிவிட்டேன். சாடிகளை விறாந்தைக்கு மாற்றினேன்.

2024 டிசெம்பர் 15

சாடியின் அடித்துவாரத்தில் வெள்ளை வேர் எட்டிப்பார்த்தது. மூன்று தடிகள் நன்றாகப் பிடித்துவிட்டன. கதையும் முடிந்தது, ரோஜா வாய்க்காலோரம் போய்விட்டது, முதல் அரும்பை மயில் கொத்திக்கொண்டு போவதாக எழுதியிருக்கிறேன், ஏனென்றால் இங்கே அப்படித்தான் நடக்கும்.

பெரியம்மாவுக்கு முழுவதையும் வாசித்தேன். ஓரிடத்தில் மட்டும் நிறுத்தினார். “ஈரத்துணி வழியிலேயே காஞ்சு போம், பிள்ளை. நான் வாழைமட்டைக்குள்ள வைச்சுக் கட்டித்தான் கொண்டுவந்தனான்.” அந்த வரியை அவர் முன்னாலேயே வெட்டித் திருத்தினேன். பிறகு, நாளை பரந்தனுக்குப் போகும் அவருடைய பேத்திக்காக, கிணற்றடியில் புதிதாக இரண்டு தடி வெட்டி, தோட்டத்து வாழையில் மட்டை உரித்து, அவர் காட்டித்தந்தபடி வைத்துக் கட்டினேன்.