தண்ணி வர்ற வழி

16 ஜூன் 2024, ஞாயிறு

மாலையில் மதுரை ஏ.வி. பாலத்தில் ஆட்டோ நெரிசலில் நின்றது. கீழே வைகை. புல்லும் ஆகாயத்தாமரையும் நடுவில் ஒரு கோடாகச் சாக்கடையும்தான். மகள் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ஆத்துல தண்ணியே இல்ல. அப்ப நம்ம வீட்டுக் குழாய்ல வர்றது எங்க இருந்து வருது?"

ஏழாம் வகுப்புப் பிள்ளை. அவளுக்குத் தெரிந்த வைகை, சித்திரையில் அழகர் இறங்கும்போது தண்ணீர் ஓடும் வைகை மட்டும். நான் "வைகை அணையில இருந்து" என்றேன். அப்பா முன்சீட்டிலிருந்து திரும்பி, "அணைக்கு எங்க இருந்து வருதுன்னு கேளு கண்ணு" என்றார். பெரியாற்றுத் தண்ணி, மலையைக் குடைந்து கொண்டுவந்தது, பென்னிகுவிக்னு ஒரு வெள்ளைக்கார இன்ஜினியர் கட்டினது என்று வீடு வரும்வரை சொல்லிக்கொண்டு வந்தார். "நீங்க பாத்திருக்கீங்களா தாத்தா?" என்றாள். பார்த்ததில்லை. எழுபத்தொரு வயது, அதில் நாற்பது வருடம் பழங்காநத்தத்தில் லேத் பட்டறை. ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட அந்தப் பக்கம் போக ஒழியவில்லை.

அந்தத் தண்ணி வந்து இறங்கும் கம்பம் பள்ளத்தாக்குக்கு ஒரு நாள் போய் வருவது என்று இரவுச் சாப்பாட்டில் முடிவானது. நான், அப்பா, மகள். வீட்டுக்காரருக்கு ஞாயிறுதோறும் ட்யூட்டி.

18 ஜூன், செவ்வாய்

அலுவலகத்தில் சொன்னேன், அவ்வளவுதான். ஆளுக்கொரு இடம் சொல்கிறார்கள். மேகமலை போகாமல் வராதே, குச்சனூர் சனீஸ்வரன் கோயிலை விடாதே, வீரபாண்டியில் கௌமாரியம்மன், சுருளி அருவி, தேக்கடியில் படகு, திரும்பும்போது வைகை அணைப் பூங்கா. எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். மூன்று நாள் வேண்டும்.

அப்புறம் ஒவ்வொன்றாக அடித்தேன். மேகமலை முதலில் போனது. சின்னமனூரிலிருந்து பிரிந்து மலை ஏறிவிட்டால் அன்றைய பொழுது அங்கேயே முடிந்துவிடும். நாங்கள் பார்க்க வேண்டியது இரண்டு மலைக்கு நடுவில் கிடக்கும் வயலும் ஆறும். தேக்கடியும் வேண்டாம். கோயில்களுக்கு இன்னொரு நாள் நிதானமாகப் போகலாம்.

மகள் கேட்ட கேள்விக்கு எந்த இடம் பதில் சொல்கிறதோ அது மட்டும் தாளில் இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டேன். தண்ணீர் மலையிலிருந்து இறங்கும் லோயர் கேம்ப், சுருளி, ஏதாவது ஒரு நெல் வயல். மூன்றே மூன்று.

23 ஜூன், ஞாயிறு

அப்பாவுக்கு இன்று ஏமாற்றம். அவர் பெரியாற்று அணையையே பார்த்துவிடலாம் என்று நினைத்திருந்தார். விசாரித்ததில் அதற்கு வழியில்லை. அணை இருப்பது கேரளப் பக்கம், பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள். அதிகாரிகள் அனுமதியோடு போய் வருகிறார்கள், நம்மைப் போன்றவர்களை விடமாட்டார்கள். தேக்கடிப் படகும் ஏரியில்தான் சுற்றும், அணை வரை போகாது. தேக்கடி போனால் அணையைப் பார்க்கலாம் என்று நம்பிக் கிளம்புகிறவர்கள் நிறையப் பேர், அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

சமாதானமாக மூவரும் உட்கார்ந்து படம் போட்டோம். நோட்டின் நடுவில் மேற்குத் தொடர்ச்சி மலை. இடது பக்கம் பெரியாறு, அது பாட்டுக்கு மேற்கே போய் அரபிக் கடலில் கலக்கிற ஆறு. அதன் குறுக்கே அணை. சுண்ணாம்பும் சுர்க்கி என்கிற செங்கல் பொடியும் குழைத்துக் கட்டியது. 1887இல் தொடங்கி, காட்டு வெள்ளம் கட்டியதை அடித்துக்கொண்டு போக, மறுபடி கட்டி, 1895இல் முடித்தார்கள். தேங்கிய தண்ணீரை மலைக்குள் குடைந்த சுரங்க வழியாகக் கிழக்கே திருப்பியிருக்கிறார்கள். அது இந்தப் பக்கம் இறங்கும் இடம்தான் லோயர் கேம்ப்.

மகள் அம்புக்குறி போட்டுக்கொண்டே வந்தாள். லோயர் கேம்ப், கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், தேனி, வைகை அணை. அங்கிருந்து குழாயில் பண்ணைப்பட்டி சுத்திகரிப்பு நிலையம், மதுரை. கடைசி அம்புக்குறியை எங்கள் வீட்டு அடுப்படியில் கொண்டுவந்து முடித்தாள். அப்பா அந்தத் தாளைப் பழைய பட்டறை வரைபடங்களைப் பிடிப்பதுபோல் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "மேற்க போற ஆத்த கிழக்க திருப்பணும்னு ஒருத்தனுக்குத் தோணுச்சு பாரு தாயி."

26 ஜூன், புதன்

தேதிதான் பெரிய சிக்கல். நான் ஆகஸ்ட் 4 என்று வைத்திருந்தேன். ஆடிப்பெருக்குக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, பொருத்தமாக இருக்கும் என்று. கூட வேலை பார்க்கும் தோழிக்கு உத்தமபாளையம் பக்கம் ஊர். கேட்டதும் பதறிவிட்டாள்.

"அய்யோ அக்கா, அன்னைக்கு ஆடி அமாவாச. திதி குடுக்குற கூட்டம் பூரா சுருளியிலதான் இருக்கும். நிக்க எடம் கெடைக்காது."

இன்னொன்றும் சொன்னாள். வயலைப் பார்க்கத்தான் வருகிறீர்கள் என்றால் வயலைக் கேட்டுத்தான் தேதி வைக்க வேண்டும். அங்கே இருபோகம். லோயர் கேம்ப்பிலிருந்து பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இந்தத் தண்ணீரை நம்பி இருக்கிறது. ஜூன் முதல் தேதியை ஒட்டித் தண்ணீர் திறப்பது வழக்கம். நாற்று பாவி, வயலைச் சேறாக்கித் தொளி அடித்து, நடவு நடப்பது அதற்கப்புறம். ஆகஸ்டில் வந்தால் எங்கு பார்த்தாலும் பச்சையாக இருக்கும், ஆனால் நடவு முடிந்திருக்கும். நடவைப் பார்க்க ஜூலை நடுவில் வர வேண்டும்.

அவள் அங்கிருந்தே அவளுடைய அப்பாவுக்குப் போன் போட்டாள். ஜூலை 14 வாக்கில் தங்கள் வயலில் நடவு இருக்கும் என்றார். ஆனி முடியப்போகிற நேரம். காற்று பலமாக அடிக்கும், மேற்கே சாரல் இருக்கும், பிள்ளைக்குக் காது மூட ஏதாவது கொண்டுவாருங்கள் என்றும் சொன்னார்.

ஊர் பார்க்கப் போகிறவர்கள் நம் விடுமுறையைப் பார்த்துத் தேதி வைப்பது எவ்வளவு தப்பு என்று இன்றுதான் எனக்கு உறைத்தது.

30 ஜூன், ஞாயிறு

எதில் போவது? மகளுக்கு ரயில். அப்பாவுக்கும் ரயில், ஆனால் வேறு காரணம். போடி லைனில் மீட்டர் கேஜ் வண்டி ஓடிய காலத்தில் உசிலம்பட்டிக்கு இரும்பு எடுக்கப் போயிருக்கிறார். 2010 கடைசியில் நிறுத்திய அந்த வண்டி, அகலப் பாதையாகித் தேனி வரை வர 2022 ஆகிவிட்டது. போடிக்குப் போனது 2023இல்.

கணக்குப் போட்டேன். காலை வண்டி மதுரையில் எட்டு மணிக்கு மேல்தான் எடுக்கிறது. தேனியில் இறங்கி, பஸ் பிடித்து, லோயர் கேம்ப் போய்ச் சேர்வதற்குள் உச்சிப்பொழுதாகிவிடும். ரயில் பாதை போடிக்குப் பிரிந்துவிடுகிறது, கம்பம் பக்கம் போவதில்லை. சாயங்கால வண்டியோ தேனிக்கு ஆறு மணியைத் தாண்டி வந்து, எட்டு மணி வாக்கில் மதுரையில் விடுகிறது.

ஆகவே இப்படி: விடியுமுன் ஆரப்பாளையத்தில் குமுளி பஸ். நேரே லோயர் கேம்ப். சுமார் 130 கிலோமீட்டர். அங்கிருந்து தண்ணீரோடு சேர்ந்து கீழே இறங்கிக்கொண்டே வந்து, தேனியில் ரயில் ஏறுவது. மேலிருந்து கீழே என்ற வரிசை அப்பாவுடைய யோசனை. மிக நல்ல யோசனை. நான் போட்டிருந்த வரிசையில் வயல் முதலிலும் லோயர் கேம்ப் கடைசியிலும் இருந்தது.

7 ஜூலை, ஞாயிறு

அப்பாவுக்குச் சர்க்கரை, வலது முழங்காலில் வலி. அதனால் சாப்பாட்டு நேரம் பிசகக் கூடாது, நடையும் குறைவாக இருக்க வேண்டும். பஸ்ஸில் ஏழு மணிக்கு இட்லி, பதினொன்றுக்குக் கொய்யாவோ சுண்டலோ, ஒரு மணிக்குத் தயிர்சாதமும் அவருக்கு மட்டும் சப்பாத்தியும். எவர்சில்வர் தூக்கில் எடுத்துப் போகிறோம். சுருளியில் நுழைவாயிலிலிருந்து அருவி வரை நடக்க வேண்டும். அவர் மெதுவாக வந்துவிடுவேன் என்கிறார். முடியாவிட்டால் கீழேயே உட்கார இடம் பார்த்துக் கொடுத்துவிட்டு நானும் மகளும் போவது என்று பேசிவைத்திருக்கிறோம்.

கம்பத்திலிருந்து சுற்றுவதற்கு ஒரு ஆட்டோவைத் தோழியின் அப்பா பேசி வைத்துவிட்டார். போகிற வழியில் சுருளிப்பட்டித் திராட்சைத் தோட்டம். பன்னீர் திராட்சை, 2023இல் புவிசார் குறியீடு வாங்கியது. அங்கே பழத்துக்கென்று ஒரு சீசன் இல்லையாம். ஒரு தோட்டத்தில் கவாத்து நடக்கும், அடுத்த தோட்டத்தில் பழம் தொங்கும். மகளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்: கேட்காமல் பந்தலுக்குள் நுழையக் கூடாது, கொத்தில் கை வைக்கக் கூடாது. மருந்து அடித்திருப்பார்கள் என்பது ஒன்று. இன்னொருவர் நான்கு மாதம் காத்து வளர்த்தது என்பது அதைவிட முக்கியம்.

13 ஜூலை, சனி

மேலே மழை. சுருளியில் தண்ணீர் வரத்து அதிகமாகிக் குளிக்க விடவில்லை என்று தோழி மதியம் போன் செய்தாள். மகள் முகம் சுருங்கிவிட்டது. போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினால் என்ன என்று கேட்டாள். ஆட்டோவில் அவ்வளவு தூரம் போய்க் கதவருகே நின்று வருவதற்கு இரண்டு மணி நேரம். அந்த இரண்டு மணி நேரத்தை வயலுக்குக் கொடுத்துவிட்டேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை, பேசாமல் படுக்கப் போனாள்.

குடை, சுவெட்டர், மாத்திரை, மாற்றுத்துணி, படம் போட்ட தாள். அலாரம் மூன்றரைக்கு.

14 ஜூலை, ஞாயிறு, இரவு

ஆண்டிப்பட்டிக் கணவாயில் பஸ் ஏறும்போதே ஜன்னலைச் சாத்தச் சொல்லிவிட்டார்கள், அப்படி ஒரு காற்று. கம்பம் தாண்டியதும் எதிரே மலை சுவர்போல் நின்றது. கூடலூரைக் கடந்து லோயர் கேம்ப்பில் இறங்கினால், மலைச்சரிவில் ராட்சதக் குழாய்கள் இறங்கி மின்நிலையத்துக்குள் போகின்றன. அதற்குள் விடமாட்டார்கள், சாலையில் நின்றுதான் பார்த்தோம். அப்பா அசையவில்லை. சுரங்கம் எங்கே வரும், குழாய் எங்கே தொடங்கும் என்று விரலால் காற்றில் வரைந்துகொண்டே இருந்தார். 2013இல் திறந்த மணிமண்டபத்தில் பென்னிகுவிக் சிலைக்கு யாரோ அன்று காலையில் மாலை போட்டிருந்தார்கள், பூ வாடவில்லை. அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். யாரும் கழற்றச் சொல்லவில்லை.

பாலத்தில் நின்று ஆற்றைப் பார்த்தபோது மகள் முதலில் சொன்னது, "சத்தம் கேக்குது." அவள் பார்த்த வைகைக்குச் சத்தம் கிடையாது.

தோட்டத்தில் இரண்டு கிலோ திராட்சை வாங்கினோம். கல்தூண்களுக்கு மேல் கம்பிப் பந்தல், தலைக்கு மேல் கொத்துக் கொத்தாய். தோட்டக்காரர் ஒரு கொத்தை அவரே அறுத்து, கழுவிக் கொடுத்தார்.

வயலில்தான் அதிக நேரம் இருந்தோம். பத்துப் பன்னிரண்டு பெண்கள் வரிசையாகக் குனிந்து நட்டுக்கொண்டே பின்னால் நகர்கிறார்கள். ஒருவர் நாற்று முடிகளைத் தூக்கி வீச, சரியாக அவர்கள் கைக்கெட்டும் தூரத்தில் விழுகிறது. மகளைக் கூப்பிட்டார்கள். தயங்கி, பிறகு பாவாடையைச் சொருகிக்கொண்டு இறங்கினாள். அவள் முதல் நாற்றை வைத்ததும் ஒரு பாட்டி குலவை போட, மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அருவி பற்றி அதன்பின் அவள் கேட்கவில்லை. ரயிலில் மட்டும் ஒரு தடவை கேட்டாள்.

அப்பா வரப்பில் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் தோழியின் அப்பா. இருவருக்கும் ஒரே வயது. மடைவாயைக் காட்டி, "இது என் வயல் நெறஞ்சதும் அடுத்த வயல். எல்லாம் போக மிச்சம் ஆத்தோட கீழ வர்றதுதான் உங்களுக்கு" என்றார் அவர். "மிச்சம் வெக்கிறீங்களே, அது போதும்யா" என்றார் அப்பா. இங்கிருந்து நம் வீட்டுக்கு எத்தனை நாளில் வரும் என்று மகள் கேட்டதற்கு, அணையில் போய் நின்றுவிடுவதால் நாள் கணக்குச் சொல்ல முடியாது என்றார் தோழியின் அப்பா. அதையும் தன் தாளில் எழுதிக்கொண்டாள். தாள் முழுக்கச் சேறு.

இந்தப் போகம் அறுப்புக்கு வந்துவிடுங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். காலாண்டு விடுமுறை எப்போது என்று நாளை பள்ளியில் கேட்க வேண்டும். வயல் எப்போது தயாராகும் என்று அதற்கு முன்னால் அவரிடம் கேட்க வேண்டும்.